ஒரே சி சோர்ஸ், மூன்று சிஸ்டம்: பில்ட் எங்கே தடுக்குகிறது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சி-யில் எழுதிய ஒரு ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட். மறையாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியைப் பயன்படுத்துகிறது. லினக்ஸில் கன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்று மூன்று கமாண்டில் வேலை முடிந்துவிட்டது. அதே சோர்ஸை ஆப்பிள் கணினிக்குக் கொண்டுபோனால், எஸ்எஸ்எல் ஹெடர் ஃபைலை (லைப்ரரியின் ஃபங்ஷன்களை அறிவிக்கும் ஃபைல்) காணோம் என்று நிற்கிறது. விண்டோஸில் எதிலிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை. சி எங்கேயும் ஓடும் என்கிறார்களே, பிறகு ஏன் இந்தப் பாடு?

தமிழில் எழுதும்போது இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. மேக் என்று எழுதினால் பில்ட் கருவியா ஆப்பிள் கணினியா என்று குழம்பும். இந்தப் பதிலில் மேக் என்றால் கருவிதான். ஆப்பிளின் சிஸ்டத்தை மேக்ஓஎஸ் என்றே எழுதுகிறேன்.

சி எங்கேயும் ஓடும் என்பதில் பொய்யில்லை. ஆனால் சி ஸ்டாண்டர்டு பேசுவது மொழியைப் பற்றி மட்டும். ஹெடர் ஃபைல்கள் டிஸ்கில் எந்த ஃபோல்டரில் இருக்கும், லைப்ரரி ஃபைலுக்கு என்ன பெயர், புரோகிராம் ஓடும்போது அந்த லைப்ரரியை யார் தேடிக் கொடுப்பது என்பதெல்லாம் ஒவ்வொரு சிஸ்டமும் தனக்கென்று வைத்துக்கொண்ட வழக்கம். பில்ட் உடைவது பெரும்பாலும் இந்த வழக்கங்கள் மாறுகிற இடத்தில்.

அதனால் எரர் வந்ததும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: எந்தப் படியில் தடுக்கியது? படிகள் மூன்று. கம்பைலர் ஒவ்வொரு சி ஃபைலையும் தனித்தனியாக எடுத்து ஆப்ஜெக்ட் ஃபைல் ஆக்குகிறது. அதற்கு ஹெடர் இருந்தால் போதும். லைப்ரரி இருக்கிறதா இல்லையா என்று அது எட்டிக்கூடப் பார்க்காது. அடுத்து லிங்கர் வருகிறது. ஆப்ஜெக்ட் ஃபைல்களையும் லைப்ரரிகளையும் ஒன்றாகக் கோப்பது அதன் வேலை; ஹெடர் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. மூன்றாவது லோடர். பில்ட் எல்லாம் முடிந்து, நீங்கள் புரோகிராமை ஓட்டும் நேரத்தில் ஷேர்டு லைப்ரரிகளைத் தேடி மெமரியில் ஏற்றுவது அது.

ஹெடரின் பெயரைச் சொல்லி 'காணோம்' என்றால் முதல் படி. லினக்ஸில் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்', மேக்ஓஎஸ்ஸில் 'அன்டிஃபைன்ட் சிம்பல்ஸ்', விசுவல் ஸ்டுடியோவில் 'அன்ரிசால்வ்ட் எக்ஸ்டர்னல் சிம்பல்' என்றால் இரண்டாவது படி. பில்ட் முழுதாக முடிந்த பிறகு ஓட்டும்போது 'ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைலைத் திறக்க முடியவில்லை' என்றால் மூன்றாவது. இரண்டாவது படியில் அடிபட்டவர்கள் முதல் படிக்கான மருந்தைப் போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் வந்ததும் இன்க்ளூட் பாத்தை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொன்று: எப்போதும் முதல் எரரைப் படியுங்கள். திரையின் அடியில் கடைசியாகத் தெரிவது, முதலில் விழுந்த ஒன்றின் பின்விளைவாகத்தான் இருக்கும். மைனஸ் ஜே 8 என்று கொடுத்து எட்டு வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டியிருந்தால், வரிகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். ஜே இல்லாமல் ஒருமுறை ஓட்டினால் உண்மையான இடத்தில் போய் நிற்கும். ஆட்டோடூல்ஸ் (கன்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்கும் கருவிகள்) புராஜெக்டில் மேக் கமாண்டோடு வி=1 என்றும், சிமேக் (கன்ஃபிகருக்குப் பதிலாக வரும் இன்னொரு பில்ட் கருவி) புராஜெக்டில் பில்ட் கமாண்டோடு வெர்போஸ் ஆப்ஷனும் சேர்த்தால், கம்பைலருக்குப் போன முழுக் கமாண்ட் வரியும் தெரியும். அந்த ஒரு வரியைக் கண்ணால் பார்த்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இனி ஆரம்பத்திலிருந்து வருவோம். சோர்ஸை எங்கிருந்து எடுத்தீர்கள்? வெளியீட்டு டார் ஃபைலாக (சோர்ஸ் முழுவதையும் ஒரே கட்டாகக் கட்டியது) இறக்கினால் அதற்குள் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் தயாராக இருக்கும். சோர்ஸின் மாற்றங்களைச் சேமிக்கும் கிட்டிலிருந்து குளோன் செய்தால் பெரும்பாலும் இருக்காது; அதை உருவாக்கும் மூல ஃபைல்தான் இருக்கும். அங்கே ஆட்டோஜென் ஸ்கிரிப்ட் ஒன்று வைத்திருந்தால் அதை ஓட்டுங்கள். இல்லாவிட்டால் ஆட்டோரீகான்ஃப் கமாண்டை மைனஸ் எஃப், மைனஸ் ஐ கொடுத்து ஓட்டுங்கள். ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல் மூன்றும் கணினியில் இருக்க வேண்டும்.

டார் ஃபைலில் மட்டும் இருந்து கிட்டில் இல்லாத ஃபைல்கள் உண்டு என்பதே ஒரு ஆபத்தான சந்து. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் கம்ப்ரஷன் புராஜெக்டின் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் கண்டுபிடிக்கப்பட்ட பின்கதவு அந்தச் சந்து வழியாகத்தான் நுழைந்தது. கன்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்க உதவும் ஒரு எம்4 ஃபைல் டார் ஃபைலில் மாற்றப்பட்டிருந்தது. கிட்டில் பார்த்தவர்களுக்கு அது தெரியவே தெரியாது. அதைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் பாதுகாப்பு ஆய்வுக்காக உட்கார்ந்தவர் இல்லை. எஸ்எஸ்எச் லாகின் வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாகிறதே, ஏன் என்று நோண்டியவர். முடிந்தவரை கிட் டேகிலிருந்து எடுத்து, கன்ஃபிகரை நாமே உருவாக்கிக்கொள்வது நல்லது என்று நான் சொல்வது அதன் பிறகுதான்.

கன்ஃபிகர் என்ன செய்கிறது? உங்கள் சிஸ்டத்தைப் பற்றி அதற்கு முன்கூட்டி எதுவும் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் நாலைந்து வரியில் ஒரு குட்டி சி புரோகிராமை எழுதி, கம்பைல் செய்து பார்க்கிறது. கம்பைல் ஆகிவிட்டால் 'உண்டு', ஆகாவிட்டால் 'இல்லை'. அந்தப் பதில்களை ஒரு கான்ஃபிக் ஹெடரிலும் மேக்ஃபைலிலும் எழுதிவைக்கிறது. இது தெரிந்துவிட்டால் ஒரு விசித்திரம் விளங்கும்: லைப்ரரி இருந்தும் 'இல்லை' என்று கன்ஃபிகர் அடம்பிடிக்கும். லைப்ரரி உண்மையிலேயே இல்லாமல் இருக்கலாம். அல்லது அந்தக் குட்டி புரோகிராம் வேறு ஏதோ காரணத்தால் கம்பைல் ஆகாமல் போயிருக்கலாம். எது என்று அதே ஃபோல்டரில் இருக்கும் கான்ஃபிக் லாக் ஃபைல் சொல்லும். ஓட்டிய கமாண்ட், வந்த எரர், தோற்றுப்போன புரோகிராம் எல்லாம் அப்படியே அதில் பதிவாகியிருக்கும். காணாமல் போனதாகச் சொல்லும் ஹெடரின் பெயரை அதில் தேடுங்கள். யாரிடமும் கேட்பதற்கு முன் திறக்க வேண்டிய ஃபைல் இதுதான்.

லினக்ஸில் உங்களுக்கு ஒரே மூச்சில் ஆனதற்குக் காரணம், தேவையான பேக்கேஜ் ஏற்கெனவே இருந்திருக்கிறது. வேறொரு லினக்ஸில் இதே புராஜெக்ட் நின்றிருக்கும். டெபியன், உபுண்டுவில் பில்ட்-எசென்ஷியல் என்ற பேக்கேஜ் கம்பைலரையும் மேக்கையும் கொண்டுவரும். ஓப்பன்எஸ்எஸ்எல் ஹெடர்களுக்கு லிப்எஸ்எஸ்எல்-டெவ் தனியாக வேண்டும். ஃபெடோராவில் அதன் பெயர் ஓப்பன்எஸ்எஸ்எல்-டெவெல். ஓடும் லைப்ரரி ஒரு பேக்கேஜ், கம்பைல் செய்யத் தேவையான ஹெடர் வேறு பேக்கேஜ் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். 'ஓப்பன்எஸ்எஸ்எல் இருக்கிறதே, பிறகு ஏன் கேட்கிறது' என்று திகைப்பவர்கள் இந்த டெவ், டெவெல் வாலைக் கவனிக்காதவர்கள்.

லைப்ரரி எங்கே இருக்கிறது என்று கேட்டுச் சொல்ல பேக்கேஜ்-கான்ஃபிக் என்ற கருவி இருக்கிறது. பெரும்பாலான லைப்ரரிகள் இன்ஸ்டால் ஆகும்போது பிசி என்று முடியும் சின்ன ஃபைல் ஒன்றை வைத்துவிட்டுப் போகும்: ஹெடர் இங்கே, லைப்ரரி அங்கே, லிங்க் செய்ய இன்னின்ன ஆப்ஷன் என்று. பேக்கேஜ்-கான்ஃபிக் அதைப் படித்துக் கம்பைலருக்கு எடுத்துக் கொடுக்கும். உங்கள் மேக்ஓஎஸ் சிக்கலுக்கும் சாவி இதுதான்.

லிங்க் செய்யும் வரிசை பற்றி ஒரு வார்த்தை. கமாண்ட் வரியில் மைனஸ் எல் லைப்ரரிகள், அவற்றைக் கூப்பிடும் ஆப்ஜெக்ட் ஃபைல்களுக்குப் பின்னால் வர வேண்டும். லிங்கர் இடமிருந்து வலமாகப் போகிறது. இதுவரை யாரும் கேட்காத லைப்ரரி என்றால் அதில் எதையும் எடுத்துக்கொள்ளாமல் கடந்துவிடும். ஓப்பன்எஸ்எஸ்எல்லில் எஸ்எஸ்எல் லைப்ரரி கிரிப்டோவைக் கூப்பிடுகிறது. ஆகவே ஸ்டாடிக்காக (லைப்ரரியைப் புரோகிராமுக்குள்ளேயே சேர்த்து) லிங்க் செய்யும்போது முதலில் எஸ்எஸ்எல், பிறகு கிரிப்டோ. மாற்றிப் போட்டால் லைப்ரரி கண்ணெதிரே இருக்கும், அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸும் வரும்.

இன்ஸ்டால் செய்யும் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். சூடோ போட்டு மேக் இன்ஸ்டால் ஓட்டினால் வழக்கமாக /யூஎஸ்ஆர்/லோக்கல் ஃபோல்டருக்குள் எல்லாம் கொட்டப்படும். எல்லா புராஜெக்டிலும் அன்இன்ஸ்டால் சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது. கன்ஃபிகருக்கு ப்ரிஃபிக்ஸ் ஆப்ஷனில் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் ஒரு இடத்தைக் கொடுங்கள். வேண்டாமென்றால் அந்த ஃபோல்டரை அழித்தால் போயிற்று. அப்படிச் செய்யும்போது மூன்றாவது படி நினைவிருக்கட்டும். லோடருக்கு உங்கள் ஹோம் ஃபோல்டர் தெரியாது. எந்த லைப்ரரி கிடைக்கவில்லை என்று எல்டிடி கமாண்ட் காட்டும். தற்காலிகமாக எல்டி லைப்ரரி பாத் வேரியபிள், நிரந்தரமாக வேண்டுமென்றால் லிங்க் செய்யும்போதே ஆர்பாத் (லைப்ரரி இருக்கும் இடத்தைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதிவைப்பது) கொடுப்பது. /யூஎஸ்ஆர்/லோக்கலில் போட்டிருந்தால் இன்ஸ்டால் முடிந்ததும், லோடரின் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக்கை ஒருமுறை ஓட்டுங்கள். டெபியன் வகைகளில் அந்த இடம் லோடரின் பட்டியலில் இருக்கும். ஃபெடோராவில் நீங்களே சேர்க்க வேண்டியிருக்கும்.

இப்போது மேக்ஓஎஸ். முதலில் எக்ஸ்கோடு-செலக்ட் கமாண்டை இன்ஸ்டால் ஆப்ஷனோடு ஓட்டி கமாண்ட் லைன் டூல்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். முழு எக்ஸ்கோடு தேவையில்லை. இதில் லினக்ஸின் வழக்கமான கம்பைலரான ஜிசிசியின் பெயரை அடித்தாலும் ஓடுவது கிளாங் என்ற வேறு கம்பைலர்தான், பெயர்ப் பலகை மட்டும் ஜிசிசி. ஓப்பன்எஸ்எஸ்எல்லைக் கைவிடப்போவதாக ஆப்பிள் 2011-இலேயே அறிவித்தது. 2015-இல் வந்த எல் கேபிடானிலிருந்து அதன் ஹெடர்களையும் எடுத்துவிட்டது. ஆகவே ஹோம்ப்ரூ என்ற பேக்கேஜ் மேனேஜரில் இருந்து எடுக்க வேண்டும்.

எடுத்த பிறகும் ஏன் காணோம் என்கிறது? இன்டெல் கணினிகளில் ஹோம்ப்ரூ /யூஎஸ்ஆர்/லோக்கலில் உட்கார்ந்திருந்தது. கம்பைலர் தானாகவே அங்கே பார்க்கும். எம்1 சிப்பிலிருந்து ஹோம்ப்ரூ /ஆப்ட்/ஹோம்ப்ரூ என்ற இடத்துக்கு மாறிவிட்டது. அங்கே கம்பைலர் தானாகப் பார்க்காது. பழைய வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றினால் இன்று ஓடாததற்கு இதுதான் காரணம். ஹோம்ப்ரூவிலேயே பேக்கேஜ்-கான்ஃபிக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். ப்ரூ கமாண்டிடம் ப்ரிஃபிக்ஸ் ஆப்ஷனும் ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜின் பெயரும் கொடுத்தால் அது இருக்கும் ஃபோல்டரைச் சொல்லும். அந்த ஃபோல்டருக்குள் லிப், அதற்குள் பேக்கேஜ்கான்ஃபிக் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதன் முழு பாத்தை பேக்கேஜ்-கான்ஃபிக் பாத் வேரியபிளில் வைத்து, கன்ஃபிகரை மறுபடி ஓட்டுங்கள். புராஜெக்ட் பேக்கேஜ்-கான்ஃபிக்கைக் கேட்கிறது என்றால் எரர் அத்தோடு போய்விடும். கேட்காத பழைய புராஜெக்ட் என்றால் சிபிபி ஃபிளாக்ஸில் மைனஸ் பெரிய ஐ போட்டு இன்க்ளூட் ஃபோல்டரையும், எல்டி ஃபிளாக்ஸில் மைனஸ் பெரிய எல் போட்டு லிப் ஃபோல்டரையும் நேரடியாகக் கொடுங்கள். இரண்டையும் ஒரே இடத்திலிருந்து கொடுப்பது முக்கியம். ஹெடர் ஒரு வெர்ஷனிலிருந்தும் லைப்ரரி வேறு வெர்ஷனிலிருந்தும் வந்தால், பில்ட் சத்தமில்லாமல் முடியும். புரோகிராம் பிறகு எங்கோ போய் விழும்.

மேக்ஓஎஸ்ஸில் இன்னும் சில முட்கள் உண்டு. அதில் வரும் மேக் இன்னமும் 3.81, 2006-இல் வெளிவந்தது. அதற்குப் பிந்தைய வெர்ஷன்கள் ஜிபிஎல் 3 லைசென்சுக்கு மாறியதால் ஆப்பிள் அங்கேயே நின்றுவிட்டது. புதிய வசதிகளைப் பயன்படுத்தும் மேக்ஃபைல் என்றால் ஹோம்ப்ரூவிலிருந்து ஜிமேக் எடுக்க வேண்டும். ஃபைலில் எழுத்துகளை மாற்றும் செட் (எஸ்இடி) கமாண்டின் மைனஸ் ஐ ஆப்ஷன் லினக்ஸில் ஒரு மாதிரி, இங்கே வேறு மாதிரி. ஸ்கிரிப்ட்கள் அதில் உடையும். ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை வழக்கமான டிஸ்க் அமைப்பு பார்க்காது. தவறான எழுத்தில் எழுதிய இன்க்ளூட் இங்கே ஓடி, லினக்ஸில் போய் மாட்டும். பழைய புராஜெக்ட்களில் கன்ஃபிகர் 'இது என்ன கணினி என்று தெரியவில்லை' என்று கைவிரித்தால், கான்ஃபிக் கெஸ், கான்ஃபிக் சப் என்ற இரண்டு ஃபைல்கள் பழையவை. ஏஆர்எம் ஆப்பிள் என்ற பெயரையே அவை கேள்விப்பட்டதில்லை. புதிய ஆட்டோமேக்கோடு வரும் அதே பெயர் ஃபைல்களை அங்கே வைத்தால் போதும்.

விண்டோஸ்தான் பெரிய கதை. தொடங்கும் முன் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: உங்களுக்கு என்ன வேண்டும்? லினக்ஸ் புரோகிராமை விண்டோஸ் கணினியில் உட்கார்ந்து ஓட்டினால் போதும் என்றால், விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போட்டு லினக்ஸில் செய்ததையே செய்யுங்கள். சோர்ஸை விண்டோஸின் சி டிரைவில் வைக்காமல் டபிள்யூஎஸ்எல்லின் ஹோம் ஃபோல்டரில் வையுங்கள். வேகத்தில் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். ஆனால் கிடைப்பது லினக்ஸ் பைனரிதான், டபிள்யூஎஸ்எல் இல்லாதவருக்கு அதைக் கொடுக்க முடியாது.

உண்மையான விண்டோஸ் புரோகிராம் வேண்டும், புராஜெக்டோ கன்ஃபிகர் ஸ்கிரிப்ட்டில் நிற்கிறது என்றால், விண்டோஸில் யூனிக்ஸ் கருவிகளைத் தரும் எம்சிஸ்2 எடுங்கள். அதை நிறுவியதும் ஸ்டார்ட் மெனுவில் ஒன்றுக்கு நாலு டெர்மினல் வந்து நிற்கும். முக்கால்வாசிப் பேர் குழம்புவது அங்கேதான். யூசிஆர்டி64 என்று இருப்பதைத் திறங்கள். வெறும் எம்சிஸ் என்று இருப்பதில் பில்ட் செய்தால் புரோகிராம் எம்சிஸ் டிஎல்எல்லைச் சார்ந்தே வாழும். அது சிக்வின் வழிவந்த யூனிக்ஸ் வேஷம், ஸ்கிரிப்ட்கள் ஓடுவதற்காக வைத்தது. யூசிஆர்டி64-இல் பேக்மேன் கமாண்டில் டூல்செயினையும் (கம்பைலர், லிங்கர் அடங்கிய தொகுப்பு) ஓப்பன்எஸ்எஸ்எல்லையும் எடுங்கள். பேக்கேஜ் பெயர் முன்னால் மிங்டபிள்யூ, டபிள்யூ64, யூசிஆர்டி என்று நீளமாக ஒரு ஒட்டு இருக்கும். அந்த ஒட்டு இல்லாததை எடுத்தால் வேறு உலகத்துக்கான லைப்ரரி வந்து சேரும்.

இங்கே என் கதை ஒன்று. விண்டோஸில் கிட் வைத்துக் குளோன் செய்த சோர்ஸை எம்சிஸ் டெர்மினலில் பில்ட் செய்யப் போனேன். ஸ்கிரிப்ட்டின் முதல் வரியிலேயே, இன்டர்ப்ரிட்டர் கிடைக்கவில்லை என்று எரர். ஷெல் இருக்கிறது, பாத் சரி, ஃபைல் இருக்கிறது. எரர் வரியை உற்றுப் பார்த்தால், ஷெல்லின் பெயருக்குப் பின்னால் ஒரு கூரைக் குறியும் பெரிய எம் எழுத்தும் ஒட்டிக்கொண்டிருந்தன. கிட், வரி முடிவுகளை விண்டோஸ் பாணிக்கு மாற்றியிருந்தது. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கேரேஜ் ரிட்டர்ன். 'எஸ்எச்' என்ற ஷெல்லுக்குப் பதிலாக, 'எஸ்எச்'சும் ஒரு கேரேஜ் ரிட்டர்னும் சேர்ந்த பெயரில் ஒரு புரோகிராமைத் தேடியிருக்கிறது. கிட்டில் ஆட்டோசிஆர்எல்எஃப் செட்டிங்கை அணைத்துவிட்டு மறுபடி குளோன் செய்தேன், ஓடியது. அந்தக் கூரைக் குறியை எங்கே பார்த்தாலும் இப்போது சட்டென்று கண்ணில் படுகிறது.

சிமேக் புராஜெக்ட் என்றால் மைக்ரோசாஃப்ட் கம்பைலரிலேயே செய்யலாம். விசுவல் ஸ்டுடியோவின் பில்ட் டூல்ஸ் மட்டும் போதும். சாதாரண கமாண்ட் பிராம்ப்டைத் திறந்தால் சிஎல் கம்பைலர் தெரியாது. எக்ஸ்64 நேட்டிவ் டூல்ஸ் என்ற பிராம்ப்டைத் திறங்கள், அது பாத், இன்க்ளூட், லிப் எல்லாவற்றையும் அமைத்துக்கொண்டு வரும். லைப்ரரிகளுக்கு விசிபேக்கேஜ் என்ற பேக்கேஜ் மேனேஜர் நன்றாக உதவும். அதன் டூல்செயின் ஃபைலை சிமேக்குக்குக் காட்டிவிட்டால் மற்றதை அது பார்த்துக்கொள்ளும். பில்ட் செய்யும்போது கான்ஃபிக் ஆப்ஷனில் ரிலீஸ் என்று சொல்லுங்கள். லினக்ஸில் பழகிய பில்ட் டைப் வேரியபிளை விசுவல் ஸ்டுடியோ ஜெனரேட்டர் கண்டுகொள்ளாது. லினக்ஸில் அதே வேரியபிளைக் கொடுக்க மறந்தால் பெரும்பாலும் ஆப்டிமைசேஷன் எதுவும் இல்லாமல் பில்ட் ஆகும். பிறகு 'ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறது' என்று தேடுவோம்.

2025-இல் வந்த சிமேக் 4.0, 3.5-க்கு முந்தைய வெர்ஷன்களுக்காக எழுதிய பழைய ஃபைல்களை ஏற்றுக்கொள்வதில்லை. நேற்றுவரை ஓடிய புராஜெக்ட் இன்று முதல் வரியிலேயே நின்றால் அதுதான். சிமேக் பாலிசி வெர்ஷன் மினிமம் என்ற வேரியபிளை 3.5 என்று கொடுத்தால் தற்காலிகமாகத் தாண்டலாம். கம்பைலரையோ ஜெனரேட்டரையோ மாற்றினால் பில்ட் ஃபோல்டரை அப்படியே அழித்துவிட்டுத் தொடங்குங்கள். கேஷில் பழைய பதில் உட்கார்ந்துகொண்டு மணிக்கணக்கில் அலைய விடும்.

மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் யூனிஸ்டு ஹெடர் கிடையாது, கெட்ஆப்ட் கிடையாது, ரன்டைமில் அளவு தீர்மானிக்கும் அர்ரே கிடையாது. இவற்றை நம்பி எழுதிய சோர்ஸ் என்றால் சண்டை போடாமல் எம்சிஸ்2-க்குப் போய்விடுவதே என் யோசனை. டிஎல்எல் வழக்கமும் வேறு. லினக்ஸில் ஷேர்டு லைப்ரரியின் ஃபங்ஷன்கள் மறைக்கச் சொல்லாவிட்டால் எல்லாம் வெளியே தெரியும். மைக்ரோசாஃப்ட் கருவிகளில் எக்ஸ்போர்ட் என்று சொல்லாத ஃபங்ஷன் வெளியே தெரியாது. லிங்க் செய்வது டிஎல்எல்லோடு அல்ல, அதன் கூடவே பிறக்கும் லிப் ஃபைலோடு. ஓட்டும்போது ஆர்பாத் என்ற பேச்சே இல்லை; டிஎல்எல் அந்த எக்ஸ்இ ஃபைலின் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அல்லது பாத் வேரியபிளில் இருக்க வேண்டும். பில்ட் ஆன புரோகிராமை இரட்டைக் கிளிக் செய்தால் டிஎல்எல் காணோம் என்று பெட்டி வருவது இதனால்தான். மூன்று சிஸ்டத்திலும் அதே லைப்ரரியின் பெயரைப் பாருங்கள்: லினக்ஸில் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3, மேக்ஓஎஸ்ஸில் லிப்எஸ்எஸ்எல்.3.டைலிப், 64-பிட் விண்டோஸில் லிப்எஸ்எஸ்எல்-3-எக்ஸ்64.டிஎல்எல்.

இதுவரை சொன்னது பில்ட் ஆகாத கதை. பில்ட் ஆகியும் தப்பாக ஓடுவது அதைவிட மோசம். 64-பிட் லினக்ஸிலும் மேக்ஓஎஸ்ஸிலும் லாங் 8 பைட். 64-பிட் விண்டோஸில் 4 பைட். எஃப்டெல் ஃபங்ஷன் லாங்கைத்தான் திருப்பித் தருகிறது. ஆகவே 2 ஜிபி-யைத் தாண்டிய ஃபைலை லினக்ஸில் சரியாகப் படித்த அதே வரி, விண்டோஸில் தவறிவிடும். ஒரு வார்னிங்கூட வராமல் போகலாம். இதேபோல் சார் டைப். எக்ஸ்86-இல் சைன் உள்ளது, ஏஆர்எம் லினக்ஸில் சைன் இல்லாதது. கெட்சாரின் மதிப்பை சார் வேரியபிளில் வாங்கி, ஃபைல் முடிந்ததைக் காட்டும் இஓஎஃப்-போடு ஒப்பிடும் லூப்பைப் பல பழைய சோர்ஸ்களில் பார்க்கலாம். இஓஎஃப் என்பது மைனஸ் 1. சைன் இல்லாத சாரில் அது 255 ஆகிவிடும். 255 ஒருபோதும் மைனஸ் 1-க்குச் சமமாகாது. லூப் முடியவே முடியாது. ஆப்பிளின் ஏஆர்எம் சிப்பில் சார் சைன் உள்ளதாகவே இருப்பதால் அங்கே சோதித்துப் பார்த்து 'ஏஆர்எம்மில் ஓடுகிறது' என்று நிம்மதி அடையவும் முடியாது. அதனால்தான் மேக் செக் (புராஜெக்டின் சோதனைகளை ஓட்டும் கமாண்ட்) வைத்திருக்கும் புராஜெக்டில் அதை ஓட்டாமல் இன்ஸ்டால் செய்யாதீர்கள் என்கிறேன்.

சிஸ்டம் மாறாமல் கம்பைலர் மட்டும் புதியதானாலும் பில்ட் உடையும். ஜிசிசி 10, 2020-இல், ஒரே குளோபல் வேரியபிளை எக்ஸ்டர்ன் இல்லாமல் பல ஃபைல்களில் அறிவித்தால் லிங்க் நிலையில் 'மல்ட்டிப்பிள் டெஃபினிஷன்' என்று நிறுத்தத் தொடங்கியது. அதுவரை கண்டும் காணாமல் விட்டது. அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிடுவது 2023-இல் கிளாங் 16-இலும், 2024-இல் ஜிசிசி 14-இலும் எரர் ஆனது. இதில் உள்குத்து ஒன்று இருக்கிறது. பழைய கன்ஃபிகர் ஸ்கிரிப்ட்களின் குட்டி புரோகிராம்களே அப்படித்தான் எழுதப்பட்டிருந்தன. அவை கம்பைல் ஆகாமல் போக, இருக்கிற வசதியையெல்லாம் 'இல்லை' என்று கன்ஃபிகர் எழுதிவைத்துவிட்டு, பில்ட் வேறு எங்கோ போய் உடையும். 2025-இல் வந்த ஜிசிசி 15 சி23-ஐ வழக்கமான மொழியாக்கியது. பூல் இப்போது கீவேர்டு. சொந்தமாக பூல் என்று டைப்டெஃப் வைத்திருந்த புராஜெக்ட்கள் நின்றன. சி ஃபிளாக்ஸில் ஸ்டாண்டர்டு ஆப்ஷனை ஜிஎன்யூ17 என்று கொடுத்தால் இந்தக் கடைசி வகை எரர்கள் பெரும்பாலும் போய்விடும்.

யூனிக்ஸ் வகைச் சிஸ்டமான ஃப்ரீபிஎஸ்டி பக்கம் போனால் இரண்டு விஷயம் போதும். அங்கே மேக் என்றால் பிஎஸ்டி மேக். ஜிஎன்யூ மேக்ஃபைலுக்கு ஜிமேக் போட வேண்டும். பேக்கேஜ்கள் /யூஎஸ்ஆர்/லோக்கலில் இருக்கும், கம்பைலர் தானாக அங்கே பார்க்காது.

கடைசியாக, பில்ட் செய்த பைனரியை வேறு லினக்ஸ் கணினிக்குக் கொடுப்பது. புதிய சிஸ்டத்தில் பில்ட் செய்து பழையதில் ஓட்டினால், ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) 2.34 கிடைக்கவில்லை என்பது போல எரர் வரும். ஜிலிப்சி தன் ஃபங்ஷன்களுக்கு வெர்ஷன் முத்திரை குத்தி வைக்கிறது. பழைய முத்திரையைப் புதிய சிஸ்டம் ஏற்கும், புதியதைப் பழைய சிஸ்டம் ஏற்காது. ஆகவே ஆதரிக்க வேண்டியவற்றில் மிகப் பழைய லினக்ஸை ஒரு கன்டெய்னரில் வைத்து, அதற்குள் பில்ட் செய்யுங்கள். ஆல்பைன் லினக்ஸ் ஜிலிப்சிக்குப் பதில் மஸ்ல் என்ற வேறு சி லைப்ரரியை வைத்திருப்பதால் அதற்குத் தனி பில்ட்தான்.

உங்கள் மேக்ஓஎஸ் எரருக்கு பேக்கேஜ்-கான்ஃபிக் பாத்தை அமைத்த பிறகும் அதே ஹெடர் காணோம் என்று வந்தால், கான்ஃபிக் லாக்கில் அந்த ஹெடரின் பெயர் முதலில் வரும் இடத்துக்கு மேலே இருபது வரியும் கீழே இருபது வரியும் எடுத்து அனுப்புங்கள். கம்பைலருக்குப் போன கமாண்டில் /ஆப்ட்/ஹோம்ப்ரூ இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.